வாய்ப்பாடும் மனக்கணக்கும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் துணைப்பாடம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளையை விட வரும் அம்மா, அழைத்துப்போக வரும் தாத்தா, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பும் அப்பா என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைப் பதிலோடு இங்கே எழுதிவைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. இரண்டாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மகன் தொடக்கநிலை 3க்கு வந்துவிட்டான். வாய்ப்பாடு இன்னும் தடுமாறுகிறது. தாமதமாகிவிட்டதா?

இல்லை. ஆனால் இந்த ஆண்டே கவனிக்க வேண்டும். நம் பாடத்திட்டத்தில் 2, 3, 4, 5, 10 ஆகிய வாய்ப்பாடுகள் தொடக்கநிலை 2இல் வருகின்றன. 6, 7, 8, 9 தொடக்கநிலை 3இல். 2019இலிருந்து முதல் இரண்டு வகுப்புகளுக்கு மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் இல்லை. அது பிள்ளைகளுக்கு நல்லதுதான், நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அதனால் ஒன்று நடக்கிறது: நான்காம் வாய்ப்பாடு சரியாகப் பதியவில்லை என்பது மூன்றாம் வகுப்பில் எட்டாம் வாய்ப்பாடு வரும்போதுதான் வீட்டுக்குத் தெரிகிறது.

அதனால் முதலில் பழையதைப் பாருங்கள். ஏழு வரவில்லை என்று ஏழையே போட்டு உருட்டாதீர்கள். இரண்டும் ஐந்தும் யோசிக்காமல் வருகின்றனவா, நான்கு வருகிறதா என்று சோதியுங்கள். பத்தில் எட்டு பிள்ளைகளுக்கு ஓட்டை அங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம்.

பத்துப் பத்தாக நூறு பெருக்கல். அத்தனையையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். நூறு இல்லை. உண்மையில் உட்கார்ந்து படிக்க வேண்டியது ஆறு.

என்னிடம் புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையோடும் முதல் நாள் இதைச் செய்கிறேன். கட்டம் போட்ட தாளில் மேலே 1 முதல் 10, பக்கவாட்டில் 1 முதல் 10. நடுவில் நூறு கட்டம். ஒரு வண்ணப் பென்சிலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவேன். "உனக்கு ஏற்கெனவே தெரிந்ததை எல்லாம் நீயே அடித்துவிடு."

முதலில் மூவேழும் ஏழ்மூன்றும் ஒன்றுதான் என்று காட்ட வேண்டும். ஒரு முட்டைத் தட்டைத் திருப்பி வைத்தால் போதும். நீளம் அகலமாகிறது, முட்டைகள் கூடவுமில்லை, குறையவுமில்லை. இது புரிந்ததும் மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் முழுவதும் போய்விடுகிறது. 100 கட்டம் 55 ஆகிவிட்டது.

அடுத்து ஒன்றும் பத்தும். அவற்றை எந்தப் பிள்ளையும் கேட்காமலே அடித்துவிடும். 36 மீதி. இரண்டும் ஐந்தும் போனால் 21. ஒன்பதுக்குக் கையிலேயே விடை இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதையும் அடித்தால் 15. அந்தப் பதினைந்தில் 3×3, 4×4, 6×6, 7×7, 8×8 என்று ஐந்து வர்க்கங்கள். "ஆறாறு முப்பத்தாறு", "ஏழேழு நாற்பத்தொன்பது" என்று சொல்லும்போதே நாக்கில் உட்கார்ந்துவிடும். பிள்ளைகளுக்கு ஏனோ இவை பிடிக்கும். அவை போனால் பத்து. நான்காம் வாய்ப்பாடு என்பது இரண்டு மடங்கின் இரண்டு மடங்கு. 4×7 வேண்டுமென்றால் 7, 14, 28. அப்படி 3×4, 4×6, 4×7, 4×8 நான்கும் கழிந்துவிடும்.

மிஞ்சுவது 3×6, 3×7, 3×8, 6×7, 6×8, 7×8. அவ்வளவுதான்.

போன ஆண்டு ஒரு சிறுமி வந்தாள். வகுப்பில் எல்லாருக்கும் தெரிகிறது, தனக்கு மட்டும் எதுவும் தெரியாது என்று முதல் நாளே சொன்னாள். பச்சைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். முக்கால்வாசிக்கு மேல் பச்சை. மிச்சமிருந்த வெள்ளைக் கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "ஆறா? ஆறு மட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டாள். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தாளாம். எதுவுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று கண்ணால் காட்டுங்கள். மற்ற உத்தி எல்லாம் அப்புறம்தான்.

அந்த ஆறையாவது எப்படி நினைவில் வைப்பது? 7×8 ஒட்டவே மாட்டேன் என்கிறது.

முதல் மூன்றை நன்றாகப் படிக்கட்டும்: 18, 21, 24. மற்றவை இரட்டிப்பில் வந்துவிடும். 3×7 இருபத்தொன்று என்றால் 6×7 அதில் இரண்டு மடங்கு, 42. 3×8 இருபத்துநான்கு, 6×8 நாற்பத்தெட்டு.

ஆறோடு இரட்டைப்படை எண்ணைப் பெருக்கினால் இன்னொரு அழகும் உண்டு. 6×2 = 12, 6×4 = 24, 6×6 = 36, 6×8 = 48. ஒன்றாம் இடத்தில் அதே எண் வந்து நிற்கிறது. பத்தாம் இடத்தில் அதில் பாதி. ஒருமுறை காட்டினால் பிள்ளை மறக்காது.

7×8 எல்லா ஊரிலும் எல்லாப் பிள்ளைகளையும் படுத்துகிறது. அதற்கு 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதிக் காட்டுங்கள். 56 = 7×8. எண்கள் தங்கள் வரிசையிலேயே நிற்கின்றன. தமிழில் சொல்லித்தரும் தாத்தா பாட்டிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: "ஏழெட்டுப் பேர் வந்தார்கள்" என்று நாம் சொல்வது ஏழோ எட்டோ என்ற பொருளில். பிள்ளைக்கு அந்தப் பேச்சும் பழக்கம் என்பதால் "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்றதும் ஒரு கணம் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். "ஏழு எட்டு" என்று பிரித்துச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு விரல் வித்தை என்கிறார்களே, அது என்ன?

இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைக்கச் சொல்லுங்கள். இடது ஓரத்திலிருந்து விரல்களுக்கு 1 முதல் 10 வரை எண். 9×4 என்றால் நான்காவது விரலை மடக்க வேண்டும். மடக்கிய விரலுக்கு இடப்பக்கம் 3, வலப்பக்கம் 6. விடை 36. 9×7 என்றால் ஏழாவது விரல். இடப்பக்கம் 6, வலப்பக்கம் 3. விடை 63.

வித்தையோடு நிறுத்திவிடாதீர்கள். ஏன் வருகிறது என்றும் சொல்லுங்கள். நான்கு பத்து நாற்பது. நமக்கு வேண்டியது நான்கு ஒன்பதுதான், அதனால் ஒவ்வொரு பத்திலிருந்தும் ஒன்றை எடுக்கிறோம். நாற்பதில் நான்கு போனால் முப்பத்தாறு. இது புரிந்த பிள்ளை கொஞ்ச நாளில் விரலை விட்டுவிடும். 9×14 வந்தால்கூட 140இல் 14ஐக் கழித்து 126 என்று சொல்லும். விரல் பத்தோடு நின்றுவிடும், காரணம் நிற்காது.

இலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் ஒன்பது வருவதும் (1+8, 2+7, 3+6) சோதித்துப் பார்க்க உதவும். "9×6 = 56" என்று எழுதியிருந்தால் 5+6 பதினொன்று, ஆக தவறு என்று பிள்ளையே பிடித்துவிடும்.

ஆசிரியர் விரல்விட்டு எண்ணக் கூடாது என்கிறார். பாட்டி விரல் கணுவில் எண்ணச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இதில் நான் பாட்டி பக்கம். என் பாட்டி தேக்காவில் பூ வாங்கப் போனால் முந்தானைக்கு அடியில் கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருக்கும். சுண்டுவிரலில் தொடங்கி ஒரு விரலுக்கு மூன்று கணு. நான்கு விரலும் முடிந்தால் பன்னிரண்டு, அதாவது ஒரு டஜன். கையைப் பார்க்கவே மாட்டார். கடைக்காரரோடு பேசிக்கொண்டே எண்ணி முடித்துவிடுவார்.

இந்த எண்ணும் முறைக்குள் மூன்றாம் வாய்ப்பாடு ஒளிந்திருக்கிறது. விரல் நுனிக்கு வரும்போதெல்லாம் 3, 6, 9, 12. அடுத்த கையில் 15, 18, 21, 24. மூன்றாம் வாய்ப்பாட்டில் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட எளிதான கருவி எனக்குத் தெரியாது. கையோடு பிறந்தது, பென்சில்பெட்டியில் மறந்துவிட்டு வர முடியாது.

ஆசிரியரின் கவலையும் நியாயமானது. 8×6க்கு எட்டு எட்டாக ஒவ்வொரு விரலாக நாற்பத்தெட்டு வரை எண்ணினால் தேர்வில் நேரம் போய்விடும். விரல் ஒரு படிக்கட்டு. அதில் நின்றுகொண்டே இருந்தால்தான் தவறு.

ஆறு முதல் பத்து வரை உள்ள எண்களுக்கு இன்னொரு கைமுறை உண்டு. ஒவ்வொரு கையிலும் சுண்டுவிரல் 6, மோதிரவிரல் 7, நடுவிரல் 8, ஆள்காட்டி 9, கட்டைவிரல் 10. 7×8க்கு இடது மோதிரவிரலையும் வலது நடுவிரலையும் தொட வைத்து, உள்ளங்கைகள் உங்களைப் பார்க்கும்படி, கட்டைவிரல்கள் மேலே இருக்கும்படி பிடியுங்கள். தொடும் விரல்களும் அவற்றுக்குக் கீழுள்ளவையும் சேர்த்து ஐந்து, அது ஐம்பது. மேலே இடக்கையில் மூன்று, வலக்கையில் இரண்டு. மூவிரண்டு ஆறு. 56. இதில் ஐந்துக்குள் பெருக்கத் தெரிந்தால் போதும். 6×7இல் மட்டும் கீழே முப்பது, மேலே 4×3 பன்னிரண்டு என்று வரும். கூட்டி 42 என்று சொல்ல வேண்டும். 6×6லும் அப்படித்தான்.

வாய்ப்பாட்டைத் தமிழில் சொல்லிக்கொடுக்கலாமா? பள்ளியில் எல்லாம் ஆங்கிலம்தானே?

கணக்குப் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது, தேர்வும் ஆங்கிலத்தில்தான். அதனால் "செவன் எய்ட்ஸ்" என்று கேட்டதும் விடை வர வேண்டிய தேவை பிள்ளைக்கு இருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் தமிழை ஓரமாக வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வாய்ப்பாடு என்ற சொல்லிலேயே வாய் இருக்கிறது. ஈரஞ்சு பத்து, மூவஞ்சு பதினஞ்சு, நாலஞ்சு இருபது, ஐயஞ்சு இருபத்தஞ்சு. இரண்டு எண்களும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடுகின்றன. நடுவில் "பெருக்கல்", "சமம்" எதுவும் கிடையாது. சொல்ல எடுக்கும் நேரம் குறைவு, சந்தமும் தானாக வருகிறது. ஊஞ்சலில் ஆடிக்கொண்டே சொல்லலாம்.

இன்னொரு நன்மை பலர் கவனிக்காதது. ஆங்கிலத்தில் "செவன்டீன்" என்றால் ஏழு முதலில் காதில் விழுகிறது. அதனால் சின்னப் பிள்ளைகள் 17ஐ 71 என்று எழுதிவிடுவார்கள். தமிழில் பதினேழு. பத்து முன்னே, ஏழு பின்னே, எழுதுகிற வரிசையிலேயே இருக்கிறது. தமிழுக்கும் ஒரு வளைவு உண்டு: எண்பதுக்கு அடுத்தது "ஒன்பது" என்ற ஒலியோடு வராமல் தொண்ணூறு என்று வருகிறது. நூறு என்ற ஒலி காதில் விழுவதால் பிள்ளை குழம்பும். அதை மட்டும் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

என் ஆலோசனை இதுதான்: வீட்டில் தாத்தா பாட்டி தமிழில்தான் பேசுகிறார்கள் என்றால் தமிழில் ஆரம்பியுங்கள். ஒரு வாய்ப்பாடு ஒரு மொழியில் முழுதாகப் பதிந்த பிறகு அடுத்த மொழியில் சொல்லச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் இரண்டையும் சேர்த்துத் திணித்தால்தான் சிக்கல்.

ஐந்தாம் வகுப்பில் கால்குலேட்டர் கொடுத்துவிடுகிறார்களே, பிறகு எதற்கு இந்தப் பாடு?

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் கணக்கு முதல் தாளில் கால்குலேட்டர் கிடையாது, இரண்டாம் தாளில்தான் உண்டு. அதோடு, பின்னத்தைச் சுருக்கும்போது 42ஐயும் 56ஐயும் பார்த்ததும் இரண்டிலும் ஏழு இருக்கிறது என்று கண்ணுக்குப் பட வேண்டும். கருவியில் அந்தக் கண் கிடையாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

ஐந்து நிமிடம். எம்ஆர்டி ரயிலில் இரண்டு நிலையம் போகும் நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். அடுத்த நாள் முதலில் நேற்றைய மூன்றைக் கேட்டுவிட்டுப் புதிதாக ஒன்று.

இரண்டு இலக்க எண்களை மனத்துக்குள் பெருக்க எளிய வழிகள் உண்டா?

நிறைய உண்டு. பிள்ளைகளுக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

பதினொன்றால் பெருக்க, இலக்கங்களை விலக்கி நடுவில் அவற்றின் கூட்டலை வையுங்கள். 36×11 என்றால் 3, நடுவில் 9, அப்புறம் 6. விடை 396. கூட்டல் பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஒன்றை முன்னால் சேர்க்க வேண்டும். 78×11இல் 7+8 பதினைந்து, ஆகவே 858.

ஐந்தால் பெருக்குவது பத்தால் பெருக்கிப் பாதியாக்குவது. 46×5 என்றால் 460இல் பாதி 230. பதினைந்துக்கு, பத்து மடங்கோடு அதில் பாதியைச் சேருங்கள். 18×15 என்றால் 180, அதோடு 90, மொத்தம் 270. இருபத்தைந்துக்கு நான்கால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 32×25இல் 32ஐ நான்கால் வகுத்தால் 8, ஆகவே 800. இருபத்தைந்து காசு நான்கு சேர்ந்தால் ஒரு வெள்ளி (டாலர்) என்று சொன்னால் பிள்ளைக்கு உடனே புரியும்.

ஐந்தில் முடியும் எண்ணின் வர்க்கம் எனக்கே மிகப் பிடித்தது. 35×35 என்றால் மூன்றை அதற்கு அடுத்த நான்கால் பெருக்கி 12. பின்னால் 25ஐ ஒட்டினால் 1225. 65×65க்கு 6×7 = 42, விடை 4225.

11 முதல் 19 வரை உள்ள எண்களைப் பெருக்க, 14×17ஐ எடுத்துக்கொள்வோம். ஒன்றின் கடைசி இலக்கத்தை மற்றொன்றோடு சேருங்கள்: 14+7 = 21. அது 210. அப்புறம் 4×7 = 28. மொத்தம் 238. இதற்குப் பின்னால் இருப்பது ஒரு செவ்வகத்தை நான்காக வெட்டுவதுதான். படம் வரைந்து காட்டினால் உயர்நிலைப்பள்ளியில் இயற்கணிதம் வரும்போது பிள்ளைக்குப் பழகிய முகமாக இருக்கும்.

கழித்தலுக்கு ஒன்று: 1000இலிருந்து கழிக்கும்போது கடன் வாங்கிக் கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு இலக்கத்தையும் ஒன்பதிலிருந்து கழியுங்கள், கடைசியை மட்டும் பத்திலிருந்து. 1000−367: 6, 3, 3. விடை 633. கடைசி இலக்கம் பூஜ்யமாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு அதற்கு முந்தியதைப் பத்திலிருந்து கழிக்க வேண்டும்.

கடைகண்ணிக்குப் போகும்போது எதைப் பயிற்சி தரலாம்?

நம் ஊர் இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. உணவகத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பதைப் பிள்ளையிடம் காட்டுங்கள். அதன் பொருள் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்தத் தொகையின் மேல் ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. இரண்டும் சேர்ந்தால் 19.9 விழுக்காடு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பட்டியலில் 46 வெள்ளி என்றால் பத்தில் ஒன்று 4.60, இரண்டு மடங்கு 9.20, மொத்தம் 55.20. ரசீதில் 55.15 இருக்கும். ஐந்து காசு வித்தியாசத்தில் சொன்ன பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பேரங்காடியிலும் உணவங்காடி நிலையத்திலும் போட்டிருக்கும் விலையே கடைசி விலை என்பதால் அங்கே இந்தக் கணக்கு வேண்டாம்.

9 விழுக்காடு மட்டும் வேண்டுமென்றால் பத்தில் ஒன்றை எடுத்து, நூறில் ஒன்றைக் கழிக்க வேண்டும். 80 வெள்ளிக்கு 8, அதில் 80 காசு போக 7.20. ஒன்பதாம் வாய்ப்பாட்டில் செய்த அதே வேலைதான்.

மீதிச் சில்லறையைக் கழித்துப் பார்க்காமல் ஏறிப் போகச் சொல்லுங்கள். 37.85க்கு 50 வெள்ளித் தாள் கொடுத்தால், 38க்கு 15 காசு, 40க்கு 2 வெள்ளி, 50க்கு 10 வெள்ளி. மீதி 12.15. பழைய மளிகைக் கடைக்காரர்கள் கையில் காசை எண்ணி வைக்கும்போது இப்படித்தான் வைத்தார்கள்.

சிராங்கூன் சாலையில் நகைக்கடைக்குப் போனால் பவுனுக்கு எட்டு கிராம். கிராம் 137 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எட்டால் பெருக்க மூன்று முறை இரட்டிக்க வேண்டும்: 274, 548, 1096. விற்பனையாளர் இயந்திரத்தைத் தட்டுவதற்குள் சொல்லிவிடலாம். ஊருக்குப் பணம் அனுப்பும்போதும் அப்படியே. வெள்ளிக்கு 65 ரூபாய் என்றால் 350 வெள்ளிக்கு எவ்வளவு? 700க்குப் பார்த்துப் பாதியாக்குங்கள். 45,500இல் பாதி 22,750.

அபாகஸ், வேத கணிதம் வகுப்புகளில் சேர்க்கலாமா?

அபாகஸ் நல்ல பயிற்சி. சீனர்களின் சுவான்பானில் மேலே இரண்டு மணி, கீழே ஐந்து. ஜப்பானிய சொரோபானில் மேலே ஒன்று, கீழே நான்கு. பழகப் பழக, சட்டம் இல்லாமலே மனத்துக்குள் மணிகளை நகர்த்த வந்துவிடும். ஆனால் கூட்டல் கழித்தலில் வரும் வேகம் கணக்குக் கதையைப் புரிந்துகொள்ளும் திறமையைத் தானாகக் கொடுத்துவிடாது. பிள்ளை விரும்பினால் சேருங்கள். துரத்திச் சேர்க்காதீர்கள்.

வேத கணிதம் என்ற பெயரில் வருவன பெரும்பாலும் பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தரின் நூலிலிருந்து வருபவை. அவர் காலமான பிறகு 1965இல் அது வெளிவந்தது. அந்தச் சூத்திரங்கள் வேதங்களில் இருப்பதாக ஆய்வாளர்கள் கண்டதில்லை. கணக்கு முறைகள் சரியானவை, பலவும் அழகானவை. 97×96ஐப் பாருங்கள்: நூறுக்கு 3 குறைவு, 4 குறைவு. 97இல் 4 போனால் 93, பின்னால் 3×4 = 12. விடை 9312. இதைக் கற்றுக்கொடுங்கள், ஏன் வருகிறது என்பதோடு. பள்ளித் தேர்வில் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்பதால் ஆசிரியர் காட்டிய முறையிலும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

விடை சரிதானா என்று சட்டெனப் பார்க்க வழி?

47×86 = 4042 சரியா? 4+7 = 11, அதைக் கூட்டினால் 2. 8+6 = 14, கூட்டினால் 5. இரண்டையும் பெருக்கினால் 10, அதாவது 1. விடையின் இலக்கங்கள் 4+0+4+2 = 10, அதுவும் 1. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் நிச்சயம் தவறு. பொருந்தினால் பெரும்பாலும் சரி. இலக்கங்களை இடம் மாற்றி 4402 என்று எழுதியிருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது. அதற்குத்தான் மதிப்பீடு: 50×80 நாலாயிரம், ஆகவே 4402 கொஞ்சம் அதிகம் என்று தோன்ற வேண்டும்.

என் அப்பா "மாகாணி, அரைக்கால்" என்று பேரனுக்குச் சொல்கிறார். அதனால் பயன் உண்டா?

தயவுசெய்து தடுக்காதீர்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி வைத்துப் படித்த காலத்திலிருந்து வரும் சொற்கள் அவை. அரை, கால், அரைக்கால், மாகாணி: ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. மாகாணியை வீசம் என்றும் சொல்வார்கள். இன்னொரு வரிசையில் மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று.

போன மாதம் ஒரு தாத்தா, பேரனுக்குக் காத்திருந்தபோது, மேசையில் இருந்த சப்பாத்தியை எடுத்து மடித்துக் காட்டினார். ஒரு மடிப்பு அரை. இன்னொரு மடிப்பு கால். இன்னொன்று அரைக்கால். நான்காவது மடிப்பில் சப்பாத்தி கெட்டியாகி மடங்க மறுத்தது. "இதுதாண்டா மாகாணி" என்று அழுத்திப் பிடித்துக் கொடுத்தார். பையன் பிரித்துப் பார்த்துக் கோடுகளை எண்ணினான், பதினாறு துண்டு. எட்டில் ஒன்றுக்கும் பதினாறில் ஒன்றுக்கும் எது பெரிது என்பதில் அவன் பல வாரங்களாகக் குழம்பிக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் அவனிடம் கேட்க வேண்டியே வரவில்லை.

திடீரென்று கேட்டால் மகள் உறைந்துபோகிறாள், சில நேரம் அழுதேவிடுகிறாள். என்ன செய்வது?

முதலில் திடீரென்று கேட்பதை நிறுத்துங்கள். உறவினர் வீட்டில் எல்லார் முன்னாலும் "எங்கே, எட்டேழு எவ்வளவு சொல்லு" என்பதையும். நேரக்கடிகாரத்தையும் சில மாதங்கள் எடுத்துவையுங்கள். பயந்த பிள்ளைக்குத் தெரிந்த விடையும் வராது. எனக்கும் சின்ன வயதில் அப்படி நடந்திருக்கிறது. வகுப்பின் முன்னால் நின்று ஆறேழு எவ்வளவு என்று தெரியாமல் நின்ற அந்த நிமிடம் இன்றும் நினைவிருக்கிறது. அன்று காலை அதை வீட்டில் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன்.

அதற்குப் பதிலாகக் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடுங்கள், எப்படி வந்தது என்பதை அவள் சொல்லட்டும். "இருபத்துநான்கு. எதை எதைப் பெருக்கினால் வரும்?" இதற்கு ஒரே விடை இல்லை என்பதால் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. மூவெட்டு என்பாள். நாலாறு என்பாள். கொஞ்சம் யோசித்துப் பன்னிரண்டும் இரண்டும் என்பாள். பாதி வழியில், நீங்கள் பாத்திரம் கழுவ எழுந்து போன பிறகு, சமையலறை வாசலுக்கு ஓடிவந்து "ஒன்றும் இருபத்துநான்கும்கூட!" என்று கத்துவாள்.